சிறிய பெட்ரோல் என்ஜினைப் பாதுகாப்பாக இயக்குவது எப்படி?

மருந்து தெளிக்கும் விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி, வரிசைப் பயிரில் களை எடுக்கும் இயந்திரம், குளத்திலும் வாய்க்காலிலும் தண்ணீர் இறைக்கும் சிறு பம்புசெட் ஆகிய எல்லாவற்றையும் ஓட்டுவது சிறிய பெட்ரோல் என்ஜின்தான். ஆள் கிடைக்காத நாளில் இது பெரிய உதவி. ஒருவர் முதுகில் சுமந்தோ, இருவர் தூக்கியோ தோட்டத்தின் எந்த மூலைக்கும் கொண்டு செல்லலாம்.

இவ்வளவு எளிதாகக் கையாளக்கூடியதாக இருப்பதாலேயே பலர் இதை அலட்சியமாக நடத்துகிறார்கள். அலட்சியத்தால் வரும் நஷ்டம் இரண்டு வகை. பிஸ்டன் கடித்துக்கொள்வது, கார்புரேட்டர் அடைத்துக்கொள்வது போன்றவை பண நஷ்டம்; அவற்றை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். புகையாலும் தீயாலும் வருவது உயிர் நஷ்டம். அதைச் சரிசெய்ய யாராலும் ஆகாது. ஆகவே என்ஜினை ஓட்டுகிறவர் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த வகை என்ஜின்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கையில் இருப்பது டூ ஸ்ட்ரோக்கா, போர் ஸ்ட்ரோக்கா என்பது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சிறிது நேரத்திலேயே பிஸ்டன் சூடேறிக் கடித்துக்கொள்ளும். போர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அடிப்பகுதியில் தனியாக இருக்கும். அதன் டாங்கில் வெறும் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எவ்வளவு ஆயில் கலப்பது என்பது கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 40க்கு 1 என்றால் 25 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவாக ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து, டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய ஆயிலையே சேர்க்க வேண்டும். டாங்கில் நேராக ஊற்றாமல் வேறொரு கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் போகும். கூடினால் பிளக்கிலும் புகைக்குழாயிலும் கரி கட்டும்.

பழைய பெட்ரோல் வேண்டாம்

பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கும் திட்டத்தில் 2025-ம் ஆண்டில் நம் நாடு 20 சதவிகித அளவை எட்டியது. எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தங்குவதில்லை. பருவத்துக்கு ஒரு முறை எடுக்கும் விசைத்தெளிப்பானில் அதே பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்கிறது. ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். என்ஜினுக்கு முதலில் போவது அந்த அடித் தண்ணீர்தான். டூ ஸ்ட்ரோக்கில் அதனுடன் போதிய ஆயிலும் போகாது.

ஆகவே இரண்டு, மூன்று வாரத் தேவைக்கு மட்டும் பெட்ரோல் வாங்குவது நல்லது. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்ததை இந்த என்ஜின்களில் ஊற்ற வேண்டாம். பெட்ரோலில் மட்டும் ஓடும் என்ஜினில் மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட் வைத்திருப்போர், நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் எளிதில் கிளம்பும்.

பெட்ரோல் ஊற்றும்போது

பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழும்பிக் கலைவதில்லை. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். பத்தடி தள்ளி எரியும் அடுப்போ, பற்றவைத்த பீடியோ போதும், தீ ஓடி வந்து கேனைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற என்ஜினிலும், நிறுத்திய சூட்டோடும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பத்து நிமிடமாவது ஆற விட வேண்டும். விசைத்தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கித் தரையில் வைத்தபின்பே மூடியைத் திறக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விட வேண்டும். சிந்தினால் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகு, இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்துக் கிளப்ப வேண்டும்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். உறிஞ்சும்போது நுரையீரலுக்குள் போகும் சிறு அளவுகூட ஆபத்தானது. குளிர்பான பாட்டிலில் பெட்ரோலை வைத்திருந்தால் வீட்டுக் குழந்தை அதை எடுத்துக் குடித்துவிடும். மூடியுள்ள கேனில், அடையாளம் எழுதி, சமையற்கட்டுக்கும் வைக்கோற்போருக்கும் தொலைவில் வைக்க வேண்டும்.

கிளப்புவதும் நிறுத்துவதும்

வேட்டி நுனி, தோள் துண்டு, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் பாகத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். எல்லாவற்றையும் இறுகக் கட்டிக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். பம்புசெட்டாக இருந்தால் முதலில் பம்பில் தண்ணீர் நிரப்ப வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் பம்பின் சீல் கருகிவிடும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. என்ஜின் சில சமயம் பின்னுக்கு உதைக்கும். அப்போது மணிக்கட்டு பிசகும். முதலில் மெல்ல இழுத்து, தடுப்பு தெரிந்ததும் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். பிறகு கயிற்றைப் பட்டென்று விடாமல் கையோடு உள்ளே போகவிட வேண்டும். ஓட ஆரம்பித்ததும் சோக்கைப் படிப்படியாகத் திறந்து, இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகு வேலை கொடுக்கலாம். நிறுத்தும்போதும் அப்படியே: வேகத்தைக் குறைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பெட்ரோல் திருகை மூட வேண்டும்.

வேகம் போதவில்லை என்று கவர்னரைத் திருகுவது சிலரது வழக்கம். தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓடினால் கனெக்டிங் ராடு முறியவும், வெட்டும் கருவியின் தகடு உடைந்து தெறிக்கவும் இடமுண்டு.

புகை என்னும் எமன்

பெட்ரோல் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். காற்றில் 0.12 சதவிகிதம் இருந்தாலே உடனடி உயிராபத்து என்பது தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் வகுத்துள்ள அளவு. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் சோர்வு என்று தொடங்கும். வெளியே போக வேண்டும் என்று தோன்றும்போது கால் எழாது.

1996-ல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சிறு பெட்ரோல் என்ஜின்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் குறிக்கப்பட்ட ஒருவர் விவசாயி. தம் கொட்டகையைக் கழுவ 11 குதிரைசக்தி பெட்ரோல் என்ஜின் வைத்த நீர்பீச்சியை உள்ளேயே ஓட்டினார். சுமார் அரை மணி நேர வேலைக்குள் மயங்கி விழுந்து இறந்தார். கதவும் ஜன்னலும் திறந்திருப்பது பாதுகாப்பு ஆகாது என்பது அந்த எச்சரிக்கையின் சாரம்.

நம் பகுதியில் இந்த ஆபத்து அதிகமாக இருப்பது கிணற்றில். சாதாரணப் பம்பு நடைமுறையில் 22, 23 அடி ஆழத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும், தூர் எடுக்கவோ, ஆழப்படுத்தவோ, என்ஜினையே கயிறு கட்டிக் கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டுகிறார்கள். சுற்றிலும் சுவர், காற்றோட்டம் இல்லை. வெளிவரும் புகையெல்லாம் கிணற்றுக்குள்ளேயே நிறைகிறது. என்ஜினைப் பார்க்க இறங்கியவர் விழுகிறார். அவரைத் தூக்க இறங்கிய அண்ணனோ தம்பியோ அவர் மீதே விழுகிறார்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் உண்டு. பிராணவாயு குறைந்த கிணற்றைக் கண்டறிய அது ஓரளவு உதவும். காற்றில் 21 சதவிகிதமாக உள்ள பிராணவாயு ஏறத்தாழ 16 சதவிகிதத்துக்கு இறங்கினால் விளக்கு அணையும். ஆனால் என்ஜின் புகையின் நச்சுவாயுவை விளக்கு காட்டாது. ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்ஸைடு இருக்கும் கிணற்றிலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி தங்கியிருந்தால் அந்த விளக்கே தீப்பிடிக்கவும் காரணமாகும். ஆகவே விளக்கை நம்பி இறங்கக் கூடாது.

பெட்ரோல் என்ஜினாயினும் டீசல் என்ஜினாயினும் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது என்பதுதான் ஒரே பாதுகாப்பு. சைலன்சரில் நீண்ட குழாய் மாட்டிப் புகையை மேலே விடுவதையும் நம்ப முடியாது. ஏதாவதோர் இணைப்பு கசியும். நீர்மூழ்கி மின்மோட்டாரை வாடகைக்கு எடுத்து இறக்கலாம். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வைத்தால் அது கிணற்று மேட்டிலிருந்து தள்ளி, புகை கிணற்றுப் பக்கம் வீசாத திசையில் இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்சு கட்டாயம். மோட்டார் ஓடும்வரை தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது.

யாராவது உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், உடனே இறங்கக் கூடாது. என்ஜினை நிறுத்திவிட்டாலும் புகை உள்ளேயே நிற்கும். மேலிருந்தே நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்களில் சொல்ல வேண்டும். மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரர்தான் இறங்கத் தக்கவர். வேலை தொடங்குமுன் இடுப்புக் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருந்தால், விழுந்தவரை இறங்காமலே தூக்கிவிடலாம். மேலே கொண்டுவந்ததும் திறந்த வெளியில் கிடத்தி, மருத்துவரிடம் என்ஜின் புகை பட்டது என்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

பராமரிப்பு

எந்தப் பாகத்தில் கை வைக்குமுன்னும் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். களை இயந்திரத்தில் சிக்கிய வேரை எடுக்கும்போது தகடு அசைந்தால், என்ஜின் ஒரு முறை வெடித்து விரலைக் கொண்டுபோய்விடும்.

போர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அளவைத் தினமும், சமதளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தரை குதிரைசக்தி என்ஜினில் இருப்பது ஏறத்தாழ 600 மில்லி ஆயில்தான். அதில் நூறு, இருநூறு குறைவதுகூடப் பெரிய குறை. சாய்ந்த வரப்பில் வைத்து ஓட்டினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உள் பாகங்களுக்குச் சரியாகத் தெறிக்காது. புது என்ஜினில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணிக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஆயிலை மாற்றுவது பொதுவான முறை. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடித்த ஆயிலைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

காற்று வடிகட்டியை 50 மணிக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். புழுதியில் ஓடினால் அதற்கும் முன்பே. பஞ்சு வடிகட்டியை சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித வடிகட்டியை மெதுவாகத் தட்டினால் போதும். நீரும் ஆயிலும் படக் கூடாது. வடிகட்டியே இல்லாமல் ஓட்டினால் புழுதி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

என்ஜினின் உடல்நிலையை ஸ்பார்க் பிளக் சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி. கறுத்துக் கரி படிந்திருந்தால் காற்று போதவில்லை அல்லது பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் சூடு அதிகம். இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர், கையேட்டைப் பார்த்து வைக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடி நின்று, டாங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள். மெக்கானிக் தேவையில்லை, ஊசியால் குத்தினால் போதும்.

பருவம் முடிந்ததும் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கை மாட்டி மூடிவைக்க வேண்டும். குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே உள்ள வைக்கோல் தூசியையும் அகற்ற வேண்டும். தெளிப்பானின் மருந்து டாங்கைக் கழுவாமல் வைக்கக் கூடாது.

ஓடிய மணி நேரத்தையும் ஆயில் மாற்றிய தேதியையும் ஒரு சிறு நோட்டில் குறித்து, என்ஜின் இருக்கும் இடத்திலேயே தொங்கவிடலாம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், "கிணற்றுக்குள் இறக்காதே" என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது. என்ஜினை இரவல் கேட்டு வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணிலும் அது பட வேண்டும்.