நட்சத்திரக் காளான்கள் இரண்டு

மழை ஈரம் ஊறிய சருகிலும் வேலியோர மரநிழலிலும் வெங்காயம் போன்ற உருண்டைகள் சிலவேளைகளில் முளைப்பதுண்டு. அவற்றின் தடித்த மேற்றோல் கதிர்கதிராகப் பிளந்து விரியும். நடுவே தாள் போன்ற மெல்லிய பையொன்று எஞ்சும். இதுவே நட்சத்திரக் காளான். இதனைப் பயிர்நோயெனக் கருதி மருந்து தெளிப்பதும் சருகை எரிப்பதும் வீண் செலவாகும். சருகை எரித்தால் மண்ணுக்குச் சேரவேண்டிய உரமும் போய்விடும்.

இவற்றுள் ஒன்றையொன்று ஒத்தவை ஜியாஸ்ட்ரம் திரிப்பிளெக்ஸ், ஜியாஸ்ட்ரம் சக்காட்டம் என்னும் இரண்டு. முன்னதை 1840ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலிருந்து யுங்ஹூன் என்பவர் விபரித்தார். விரியுமுன் இதன் நுனி கூரிய மூக்குப்போல் நீண்டிருக்கும். விரிந்தபின் 5 முதல் 10 சதமமீற்றர் வரை அகலமுடையது. கதிர்களின் உட்புறச் சதை வட்டமாக வெடித்து, பையைச் சுற்றி ஒரு கிண்ணமாக நிற்கும். பின்னது சிறியது, பெரும்பாலும் 5 சதமமீற்றருக்கு உட்பட்டது. அதற்குக் கிண்ணம் இல்லை. பையின் வாயைச் சூழ்ந்து தெளிவான வட்டக் கோடு உண்டு. சதை இன்னும் வெடியாத இளந் திரிப்பிளெக்ஸைச் சக்காட்டமென்று மயங்குவது எளிது. ஆகையால் முதிர்ந்த காளானையே பார்த்துத் துணிதல் வேண்டும். மழைத்துளி பையில் விழும்போது வித்திகள் புகைபோல் வெளிவருவதை இரண்டிலும் காணலாம்.

இரண்டும் உக்கும் சருகையும் மரத்துண்டையும் உண்டு வாழ்வன. உயிருள்ள பயிரைத் தாக்கா. உணவுக்கும் உதவா. விரியாத உருண்டை எதையும் சமையலுக்கு எடுத்தல் ஆகாது. நச்சுக் குடைக்காளானின் இளங்குருத்தும் அவ்வாறே தோன்றும்.

கமக்காரர் அஞ்சவேண்டியது வேறொரு பங்கசுக்கே. மிளகாய், தக்காளி முதலியவற்றின் அடித்தண்டில், நிலமட்டத்தில், வெண்ணிற இழைகள் படர்ந்து, அவற்றிடையே கடுகளவான கபில நிற மணிகள் காணப்பட்டால் அது ஸ்கிளிரோசியம் அழுகல் நோயாகும். செடி வாடி மடியும். மணிகளோ மண்ணில் ஆண்டுக்கணக்காக உயிரோடிருக்கும். சருகிலே மட்டும் வெண்ணிழை இருந்து, தண்டு உறுதியாக இருப்பின் கவலை வேண்டியதில்லை. எனினும் உக்காத சருகைத் தண்டோடு ஒட்டக் குவித்தல் தவறு. இப்பங்கசு அதிலிருந்தே தண்டுக்கு ஏறக்கூடும். நோயுற்ற செடியை அடிமண்ணுடன் பெயர்த்து எரித்துவிடுக. கூட்டெருக் குழியில் இடற்க.