பயாப்ஸி அறிக்கையில் 2/22 என்றால் என்ன?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. பயாப்ஸி அறிக்கையில் 'நெறிக்கட்டி 2/22' என்று இருக்கிறது. எவ்வளவு காலம் இருப்பார் என்று டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்ன செய்வது?

பதில்: நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்குப் பாதி விடை அந்த 2/22-லேயே இருக்கிறது.

அகற்றிய இரைப்பையோடு, அதை ஒட்டியிருந்த கொழுப்பும் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். அங்குள்ள மருத்துவர் அந்தக் கொழுப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்து, கடுகளவும் பருப்பளவுமாக ஒளிந்திருக்கும் நெறிக்கட்டிகளைப் பொறுக்கியெடுப்பார். உங்கள் அப்பாவுக்கு அப்படிக் கிடைத்தவை 22. புற்று பரவியிருந்தவை 2. குறைந்தது 16-ஐயாவது சோதித்தால்தான் கணக்கை நம்பலாம். ஆறே ஆறைப் பார்த்துவிட்டுப் 'பரவவில்லை' என்று எழுதியிருந்தால் அதில் நிம்மதிகொள்ள முடியாது. 22-ல் 2 என்பது நம்பத்தக்க கணக்கு. பரவலில் அது முதல் படி. ஏழும் அதற்கு மேலும் என்றால்தான் கடைசிப் படி.

அதே தாளில் இன்னும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். புற்று இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது? வெட்டிய ஓரங்களில் மிச்சம் ஏதும் இருந்ததா? உள்பூச்சோடு நின்றுவிட்ட ஆரம்பநிலைப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவதை ஜப்பான் மருத்துவமனைகள் காட்டியிருக்கின்றன. சுவரைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் கதை வேறு.

இரைப்பையோடு நெறிக்கட்டிகளையும் ஏன் எடுக்கிறார்கள்? 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பைப் புற்றை வெட்டியெடுத்தார். அவ்வகையில் வெற்றிபெற்ற முதல் அறுவை அதுதான். தையல் பிடித்தது, சாப்பிட்டார், வீடு திரும்பினார். சுமார் நான்கு மாதத்தில் புற்று திரும்பி இறந்துபோனார். நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்று மருத்துவம் உணர்ந்தது அதன் பிறகுதான்.

அதிலும் கைத்திறன் முக்கியம். நெதர்லாந்தில் 1989 முதல் 1993 வரை 711 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குறைவாகவும் மறு பிரிவினருக்கு விரிவாகவும் நெறிக்கட்டிகளை அகற்றினார்கள். விரிவான அறுவை செய்துகொண்டவர்களில் 10 சதவீதம் பேர் அறுவையை ஒட்டியே இறந்தனர். மற்றவர்களில் 4 சதவீதம். மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்து எடுத்தது இதற்குப் பெரிய காரணம். ஆனால் 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் விரிவான அறுவையில் 37 சதவீதம், மற்றதில் 48. இன்று தேவையில்லாமல் மண்ணீரலைத் தொடுவதில்லை. இந்த அறுவையை அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

இனி நடக்க வேண்டியது கீமோ. 2006-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு வாழ்ந்தார்கள். அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 23 சதவீதம். ஆனால் உடம்பு இளைத்துப்போனால் கீமோ தள்ளிப்போகும், பாதியில் நிற்கும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அதனால்தான்.

தட்டு நிறையச் சோறு வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் இட்லி, ஒரு முட்டை, கொஞ்சம் குழைந்த பருப்புச் சாதம் போதும். தண்ணீரைச் சாப்பாட்டோடு தராமல் அரைமணி தள்ளிக் கொடுங்கள். பாயசம், பழச்சாறு போன்ற இனிப்புகள் வேண்டாம். அவை குடலில் வேகமாக இறங்கி, வியர்வையும் படபடப்பும் வரும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைத்து, குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

புற்று திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அதுவரை ஒரு பரிசோதனையும் தவறக் கூடாது. இரைப்பை இல்லாதவருக்கு உணவிலுள்ள பி12 உடலில் சேராது. பி12 ஊசி ஆயுள் முழுக்கத் தேவை. எப்போது தொடங்குவது என்று அடுத்த முறையே கேட்டுவிடுங்கள்.