வலிக்காத புண்

சர்க்கரை வியாதியுள்ளவர்கள் சோற்றைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் வைத்தியரிடம் பல கேள்விகள் கேட்பதுண்டு. காலைப் பற்றிக் கேட்பவர் வெகு சிலரே. இத்தனைக்கும் இவ்வியாதியால் விரலையோ காலையோ இழந்தவர்களில் பலருக்கு வினை தொடங்கியது ஒரு சிறு கொப்புளத்தில்தான். ஆகையால் இவ்வாரம் பாதங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

இரத்தத்தில் சர்க்கரை பல வருஷங்கள் மிகுந்திருந்தால் நரம்புகள் கெடுகின்றன. பாதத்திற்குச் செல்லும் நரம்புகளே மிக நீளமானவை. ஆதலால் முதலில் கெடுவதும் அங்கேதான். சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் உண்டாகும். சிலருக்கோ யாதொரு அறிகுறியுமின்றி உணர்ச்சி குன்றிவிடும். முள் தைத்தாலும் தெரியாது. இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் புண் எளிதில் ஆறாது. பீடி, சிகரெட் பிடிப்பவர் நிலை இன்னும் மோசம்.

வலி நமக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை விளங்கக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் வேலை செய்த மிஷனரிகளுக்கு 1914-ல் மகனாகப் பிறந்த இவர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் நம்பினார்கள். இவரோ, உணர்ச்சியற்ற கைகால்களில் காயத்தின்மேல் காயம் பட்டே அவை அழிகின்றன என்று கண்டார். தூக்கத்தில் எலி கடித்தும் அறியாத நோயாளிகள் இருந்தனர். அவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பினாராம்! 1966-ல் அமெரிக்கா சென்றபின், இதே பாடம் நீரிழிவுக்காரரின் பாதங்களுக்கும் பொருந்துமெனக் காட்டினார். நம் ஊரில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, அன்று தொழுநோயாளரின் பாதங்களைக் காக்கப் பயன்பட்டதே.

ஆகவே வலி அறிவிக்காததைக் கண்ணால் பார்த்தறிய வேண்டும். தினந்தோறும் இரவு படுக்குமுன் நல்ல வெளிச்சத்தில் இரு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண் மங்கியவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். விரலிடுக்குகளை மறக்க வேண்டாம். கால் கழுவியதும் அவ்விடத்தை ஈரமின்றித் துடையுங்கள். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். காலாணியைப் பிளேடால் சீவுவது பெரும் ஆபத்து.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். வெறும் வார்ச் செருப்பு காலைவிட்டு நழுவினாலும் தெரியாது; பின்வார் உள்ளதே நல்லது. மாட்டுமுன் உதறிப் பாருங்கள். புதுச் செருப்பை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது பாதத்தின் உணர்ச்சியை வைத்தியரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதுதான், நோவு இல்லை.

புண், சிவப்பு, வீக்கம், சூடு, துர்நாற்றம், கருநிறம் இவற்றில் எது கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்பி நாலு நாள் பார்ப்போம் என்று பெரியவர்கள் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். காய்ச்சல் இல்லையே என்று தைரியமாக இருக்கலாகாது.

கோவில் விஷயமும் ஒன்றுண்டு. சித்திரை வெயிலில் கோவில் முற்றத்துக் கல் கொதிக்கும்; உணர்ச்சி குன்றிய கால் அங்கே வெந்துபோகும். வாசற்படி வரை செருப்போடு வாருங்கள். உள்ளே அணியச் சுத்தமான வேறொரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலுடன் நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவர்கள் நம்மில் உண்டு. பாதம் மரத்தவர் அவ்வாறு நடக்க வேண்டாம். நியாயமான காரணமிருந்தால் இத்தகைய நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் பங்குக் குருவுக்கு அதிகாரம் தருகிறது. திருநாளுக்குப் புறப்படுமுன் அவரிடம் கூச்சமின்றிப் பேசுங்கள்.