இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தள்ளுவண்டி: வாங்கும் முன் தள்ளிப் பாருங்கள்

வீட்டில் இரண்டாவது பேரக்குழந்தை பிறந்திருக்கிறது. மூத்ததற்கு இரண்டு வயதுதான் ஆகிறது. மகப்பேறு விடுப்பு முடிந்து மகளோ மருமகளோ வேலைக்குத் திரும்பியதும், பகலில் இருவரையும் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள். “இரட்டைத் தள்ளுவண்டி வாங்கலாமா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சில வீடுகளில் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள்.

பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், தினமும் தள்ளப்போகிறவர் ஒருமுறை தள்ளிப் பார்த்த பிறகே வண்டியை வாங்க வேண்டும். உங்கள் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் பொருந்தாத வண்டி, குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது அல்ல.

எடையைக் கணக்கிடுங்கள்

இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். மூன்று மாதக் குழந்தை ஏறத்தாழ 6 கிலோ. இரட்டை வண்டி ஒன்றின் எடை 13 கிலோ என்றும், பால் புட்டி, துணி, தண்ணீர் வைத்த பை 3 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 34 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை மூன்றைவிட அதிகம்.

சமதளத்தில் இது பெரிய சுமையாகத் தெரியாது. சரிவுப் பாதையில் ஏறும்போதும், அதைவிட இறங்கும்போதும்தான் சோதனை. வண்டி உங்களை முன்னே இழுத்தால், உங்களால் அதை நிறுத்த முடியுமா என்று பாருங்கள்.

எளிதில் மடிக்கக்கூடிய தள்ளுவண்டி பிறந்ததே ஒரு தாத்தாவால்தான். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்த பொறியாளர் ஓவன் மெக்லாரன், தம் மகள் கைக்குழந்தையோடும் கனமான வண்டியோடும் படும் பாட்டைப் பார்த்தார். சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற அதே 1965ஆம் ஆண்டில், குடைபோல மடியும் அலுமினிய வண்டியை உருவாக்கினார். அதன் எடை 3 கிலோ அளவுதான். தூக்குபவரின் சிரமத்தை முதலில் எண்ணிப் பார்த்ததே அவர் செய்த நல்ல காரியம். நீங்களும் அதையே முதலில் எண்ணுங்கள்.

இரண்டு வகை வண்டிகள்

அருகருகே இருக்கை உள்ளவை: குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். திருப்புவது எளிது. இருவர் முகத்தையும் பார்க்கலாம். ஆனால் அகலம் பெரும்பாலும் 75 முதல் 80 செண்டிமீட்டர் வரை இருக்கும்.

முன்னும் பின்னும் இருக்கை உள்ளவை: அகலம் 60 முதல் 65 செண்டிமீட்டர் வரைதான். குறுகிய வழியில் நுழையும். ஆனால் நீளம் அதிகம். நடைபாதை விளிம்பில் ஏற்ற, கைப்பிடியைப் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இது சிரமம்.

கடைக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுத்து, வீட்டு வாசல், இரும்புக் கதவு, உங்கள் புளோக்கின் மின்தூக்கிக் கதவு, மின்தூக்கியின் உள் நீளம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்போது மின்தூக்கி உங்கள் மாடியில் நின்றாலும், வண்டி அதற்குள் நுழைந்து, கதவும் மூடினால்தான் பயன்.

வண்டியை எங்கே வைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். வீவக பொது நடைவழியில் வைத்தால், தீ விபத்தின்போது மக்கள் வெளியேற 1.2 மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும்.

நீங்கள் போகும் வழியை நினைத்துப் பாருங்கள்

தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவீர்களா? ஈரமான தரையில் வண்டியின் பிரேக்கையும் உங்கள் காலணியையும் ஒருசேர நம்ப வேண்டியிருக்கும். சிராங்கூன் சாலைக் கடைகளின் ஐந்தடிப் பாதையில் படிகளும், வெளியே அடுக்கிய பொருள்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையும் தீபாவளி நெருங்கும் வாரங்களும் அகலமான வண்டிக்கு ஏற்ற நேரமல்ல. வாரநாள் காலையில் போங்கள்.

• எம்ஆர்டி நிலையத்தில் மின்தூக்கியையே பயன்படுத்துங்கள். மின்படியில் தள்ளுவண்டியை ஒருபோதும் ஏற்றாதீர்கள். நுழைவாயிலில் அகலமான வழியைத் தேர்ந்தெடுங்கள்.
• பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடத்தில் சக்கர நாற்காலியில் வருபவருக்கே முன்னுரிமை. இரட்டை வண்டி நடுவழியை அடைத்தால் மடிக்க நேரும். ஒரு கையில் கைக்குழந்தையுடன் அதை உங்களால் மடிக்க முடியாது என்றால், இருவரையும் தனியாகப் பேருந்தில் அழைத்துச் செல்லாதீர்கள்.
• சில சாலைச் சந்திப்புகளில் ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதி உண்டு. மூத்தோர் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால், பச்சை விளக்கு இன்னும் சில விநாடிகள் எரியும். அவசரப்படாமல் கடக்கலாம்.

கைக்குழந்தைக்குக் கூடுதல் கவனம்

• கழுத்து நிற்காத குழந்தை படுத்த நிலையில் இருக்க வேண்டும். முழுவதும் சாயும் இருக்கை உள்ள வண்டியா என்று கேளுங்கள்.
• தோள்கள், இடுப்பு, கால்களுக்கு இடையே என ஐந்து இடங்களில் பிடிக்கும் பாதுகாப்பு வார் இருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்குப் போனாலும் மாட்டுங்கள்.
• வெயில் படுகிறதே என்று வண்டியைத் துணியால் மூடாதீர்கள். மெல்லிய துணியானாலும் உள்ளே வெப்பம் ஏறும், காற்று குறையும். வண்டியோடு வரும் கூரையை விரித்து, நிழலில் செல்லுங்கள்.
• கைப்பிடியில் மளிகைப் பைகளைத் தொங்கவிடாதீர்கள். மூத்த குழந்தை இறங்கியதும் எடை மாறி வண்டி பின்னால் கவிழலாம். பைகளை அடிக்கூடையில் வையுங்கள்.
• நின்றால் பிரேக். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அரை நிமிடமானாலும் பிரேக் போடுங்கள்.
• மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மூட்டுகளில் சிறுவிரல் நசுங்கிவிடும்.

மூத்த குழந்தைக்கு இருக்கை தேவையா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் கட்டி வைக்கக்கூடாது. ஒரு வயது கடந்த பிள்ளைகள் நாள் முழுவதுமாகச் சேர்த்துக் குறைந்தது மூன்று மணி நேரம் உடலை அசைத்து விளையாட வேண்டும்.

மூன்று வயதை நெருங்கும் குழந்தை நன்றாக நடந்தால், ஒற்றை வண்டியும் அதன் பின்னால் பொருத்தும் நிற்கும் பலகையும் போதுமானதாக இருக்கலாம். எடையும் குறையும், செலவும் குறையும். உங்கள் வண்டிக்குப் பலகை பொருந்துமா என்று வாங்கும் முன் கேளுங்கள். உறவினர் கொடுத்த பழைய வண்டியானால் பிரேக், வார், மடிப்புப் பூட்டு மூன்றும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

உங்கள் உடலையும் கேளுங்கள்

கைப்பிடி உங்கள் தொப்புள் உயரத்துக்கு அருகில் இருந்தால், முதுகு வளையாமல் தள்ளலாம். கணவன் மனைவி இருவரும் தள்ளுவதானால், உயரம் மாற்றக்கூடிய கைப்பிடி நல்லது. குழந்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். பின்பக்கம் மூடிய, வழுக்காத காலணி அணியுங்கள். குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நீங்களும் குடியுங்கள்.

தலைசுற்றல் வந்தால் உடனே பிரேக் போட்டு உட்காருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் 995ஐ அழையுங்கள். முழங்கால், முதுகு, மணிக்கட்டு வலி நீடித்தால் பலதுறை மருந்தக மருத்துவரிடம், பேரப்பிள்ளைகளைத் தூக்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடியாததை முடியும் என்று சொல்லாதீர்கள். பல தாத்தா பாட்டிகள் பிள்ளைகள் கவலைப்படுவார்களே என்று வலியை மறைக்கிறார்கள். “இருவரையும் ஒன்றாக வெளியே அழைத்துப்போவது எனக்குச் சிரமம். ஒருவரை மட்டும் என்றால் முடியும்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதனால் அன்பு குறைந்துவிடாது. சரிவில் வண்டி கைநழுவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடையில் பத்து நிமிடச் சோதனை

பேரப்பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறகு இவற்றை நீங்களே செய்து பாருங்கள்:

1. பிள்ளைகளை உட்காரவைத்து வார்களை மாட்டிக் கழற்றுங்கள்.
2. ஒரு வளைவில் திருப்புங்கள்.
3. காலால் பிரேக் போட்டு எடுங்கள்.
4. பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை மடித்து விரியுங்கள்.
5. மடித்த வண்டியை முழங்கால் உயரம் தூக்குங்கள்.
6. வண்டியில் எழுதியுள்ள எடை வரம்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறில் ஒன்று உங்களுக்குச் சிரமமாக இருந்தாலும், அந்த வண்டி வேண்டாம். வேறொன்றைப் பாருங்கள்.