சென்னையும் சிங்கப்பூரும்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

அயல்நாட்டுச் சந்தைக்குச் சரக்கு அனுப்ப விரும்பும் அங்கத்தினர்கள் முதலிற் கேட்பது, "எவ்வளவு தூரம்?" என்பதே. அதனினும் முக்கியமான கேள்வி, "எவ்வளவு நேரம்?" என்பதாகும். இவ்விரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதைச் சென்னை–சிங்கப்பூர் மார்க்கத்தைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

தூரம்

வான்வழியே இவ்விரு நகரங்களுக்கும் இடைத்தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். அதாவது 1,800 மைல். முற்காலத்தில் நம்மவர் இத்தூரத்தைக் கப்பலிற் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் 'சிதம்பரம்' கப்பலின் பயணிகள் போக்குவரத்து நின்றுபோயிற்று. இன்று மக்கள் செல்வது விமானத்திலேயே.

பறக்கும் நேரம்

விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும். அவ்வேகத்தால் தூரத்தை வகுத்தால் மூன்றரை மணிக்கும் சற்றுக் குறைவாகவே வரும். ஆயினும் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதையிலும் நேரம் கழியும். ஆதலால் நான்கு முதல் நான்கரை மணி நேரம் எனக் கொள்வதே முறை.

கடிகார நேரம்

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. சூரியனை மட்டும் நோக்கின் வித்தியாசம் ஒன்றரை மணிக்குச் சற்று அதிகமே. மலேசியா தன் நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வகுத்தபோது, சிங்கப்பூரும் 1982-ஆம் ஆண்டு முதல் அதனை ஏற்றது.

சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறந்தால், நம் கணக்கில் விடியற்காலை 3.15, அங்கே 5.45. அங்கு மாலை 6 மணிக்குத் திரும்பினால், இங்கு இரவு 7.45-க்கு வந்து சேரும். ஒன்றே முக்கால் மணியில் வந்துவிட்டதாக மயங்கலாகாது.

சரக்கின் நேரம்

மதுரை வட்டாரத்தில் காலை 5 மணிக்கு மல்லிகை மொட்டுப் பறித்து, சுமார் 460 கிலோமீட்டர் லாரியிற் கொணர்ந்து, மேற்சொன்ன விமானத்தில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பறித்தது முதல் சிங்கப்பூரில் இறங்கும் வரை 22 மணி 15 நிமிடம். இதில் வானிற் கழிவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே! மீதி 18 மணி நேரம் வயலிலும், சாலையிலும், சுங்கச் சோதனையிலும், காத்திருப்பதிலும் செல்கிறது.

மாலையில் மலர்ந்துவிடும் மொட்டுக்கு இந்த 18 மணி நேரமே உயிர்நிலை. விமானத்தின் வேகத்தை நாம் கூட்ட இயலாது. ஆனால் பறித்தவுடன் பூவை ஒருங்கே சேர்த்தல், பனிக்கட்டி வைத்த பெட்டியில் அடைத்தல், பத்திரங்களை முன்னரே ஆயத்தம் செய்தல் ஆகியவை நம் கைவசம் உள்ளவை. தனியொருவரால் ஆகாததைச் சங்கம் ஆற்றும்.

நெசவாளர் நிலை வேறு. சேலை வாடுவதில்லை. குறித்த பண்டிகைக்கு எட்ட வேண்டுமெனில் விமானம். அன்றேல் கூலி குறைந்த கப்பலே போதும்.

பயிற்சி

1. சென்னையில் காலை 9.30-க்குப் புறப்படும் விமானம் 4 மணி 20 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் என்ன மணி?

2. உங்கள் சங்கத்துச் சரக்கு தரையிற் கழிக்கும் மணிகளைக் கட்டம் கட்டமாக எழுதுக. அவற்றுள் எதனைக் குறைக்கலாம்?