பிள்ளைகளின் கீழ்த்தாடை



சென்ற ஆண்டு என் இளைய மகன், வயது 7, கலும்பாங்கில் நம் கடை வாசலில் சைக்கிளிலிருந்து விழுந்தான். மோவாய் கிழிந்தது. தையல் போட்டோம், காயமும் ஆறிற்று. அத்துடன் தீர்ந்தது என்றிருந்தேன். இரண்டு வாரம் சென்று, வாய் திறக்கும்போது அவன் தாடை ஒரு பக்கம் சாய்வதை அவன் தாயார்தான் கண்டாள். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அடி பட்டது மோவாயில். முறிவோ காதுக்கு முன்னுள்ள மூட்டில்! அவரிடம் கேட்டறிந்ததையும் பிறகு படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பிறக்கும்போது கீழ்த்தாடை இரண்டு பாதிகளாக இருக்கிறது. முதல் ஆண்டில் அவை நடுவில் ஒன்றாகிவிடும். ஏறக்குறைய 6 மாதத்தில் முதற்பல். 3 வயதுக்குள் பால்பற்கள் 20. அவற்றின் பின்னே 6 வயதில் ஒரு கடைவாய்ப்பல், 12 வயதில் மற்றொன்று, 17க்கு மேல் ஞானப்பல்.

இத்தனைக்கும் இடம் ஏது? 1771ல் பற்களைப் பற்றி நூல் வெளியிட்ட லண்டன் அறுவை வைத்தியர் ஜான் ஹண்டர் இதற்கு விடை கண்டார். கடையைப் பெரிதாக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பின்சுவரைத் தள்ளிக் கட்டி, இடைத்தட்டியையும் பின்னுக்கு நகர்த்துகிறோம். முன்னே இன்னொரு அலமாரிக்கு இடம் கிடைக்கிறது. தாடையின் நிமிர்ந்த பகுதியும் அவ்விதமே. பின்னே எலும்பு கூடுகிறது, முன்னே கரைகிறது. கடைவாய்ப்பல்லுக்கு இடம் உண்டாகிறது. மூட்டு நுனியும் மேலும் பின்னுமாக வளர, மோவாய் கீழும் முன்னும் வருகிறது.

இவ்வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் வேகம் கொள்ளும். மேல்தாடை நின்ற பிறகும் கீழ்த்தாடை வளரும். ஆண்பிள்ளைகளுக்கு 18 வயதைத் தாண்டுவதும் உண்டு.

ஆகையால் சிறுவயதில் மூட்டு கெட்டால் அப்பக்கம் வளர்ச்சி குன்றி முகம் கோணலாம்; மூட்டு இறுகி வாயே திறவாமலும் போகலாம். பெரும்பாலும் பிள்ளையின் எலும்பு தானே சீராகிவிடும். ஆயினும் கவனிப்பு வேண்டும். என் மகனுக்கு முதலில் மெல்லிய உணவு, பிறகு வாய் திறக்கும் பயிற்சி. இப்போது வாய் நேராகத் திறக்கிறது. வளர்ச்சி முடியும்வரை காட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைக்கு மோவாயில் அடிபட்டால் காயத்தை மட்டும் பாராதீர்கள். வாய் முழுதும் திறக்கிறதா, கோணுகிறதா, பற்கள் முன்போல் சேர்கின்றனவா, காதருகே வலிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறினாலும் அன்றே டாக்டரிடம் செல்லுங்கள். கடையை ஒரு வேளை அடைத்தால் நட்டம் ஒரு நாளோடு போகும்.