நம் வலைப்பக்கத்தை யார் சுட்டுகிறார்கள்?

புதிய பாடநூல்களில் 2018-19 கல்வியாண்டு முதல் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்று வருகின்றன. செல்பேசியை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கிறது. அந்தச் சிறு சதுரம் செய்யும் வேலை எளியது. ஓரிடத்தில் இருப்பவரை இன்னோர் இடத்துக்கு அனுப்பி வைக்கிறது. மாணவர் தயக்கமின்றிச் செல்கிறார் என்றால், அந்தக் காணொலியை அவர் முன்பே அறிந்திருப்பதால் அன்று. வழிகாட்டுவது பாடநூல் என்பதால்தான்.

நம்மில் பலர் சொந்தமாக வலைப்பூவோ, வகுப்புக்கென ஒரு தளமோ நடத்துகிறோம். பயிற்சித்தாள்கள், வினாத்தொகுப்புகள், செய்முறை விளக்கங்கள் என இரவு நெடுநேரம் விழித்திருந்து உருவாக்குகிறோம். அவற்றை எந்தப் பாடநூலும் சுட்டுவதில்லை. அப்படியானால் அவை தேவைப்படும் குழந்தையிடம் எந்த வழியாகப் போய்ச் சேரும்?

குழுக்களில் பகிர்ந்தால் போதுமா?

பெரும்பாலும் நாம் செய்வது, வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை அனுப்புவதுதான். அன்று மாலை ஐம்பது பேர் பார்ப்பார்கள். மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் கீழே அது புதைந்துவிடும். குழுவுக்கு வெளியே இருக்கும் மாணவருக்கு அது கிடைக்காது. தேடுபொறியின் நிரலும் அந்த மூடிய குழுவுக்குள் நுழைய முடியாது. எனவே நூறு குழுக்களில் பகிர்ந்தாலும், தேடுபொறியின் பார்வையில் அந்தப் பக்கத்தை யாரும் சுட்டவில்லை என்றே பொருள்.

எல்லோரும் படிக்கக்கூடிய திறந்த பக்கங்களில் உள்ள இணைப்புகளே தேடுபொறியின் கண்ணில் படும். அவை ஆண்டுகள் கடந்தும் நிற்கும். அடுத்த ஆண்டு அதே ஐயத்தோடு வரும் மாணவரையும் அழைத்து வரும்.

தேடுபொறி எப்படி எடை போடுகிறது?

1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் பேஜ்ரேங்க் என்ற முறையை வெளியிட்டனர். ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டும் வழக்கத்தோடு ஒத்த சிந்தனை அது. பலர் மேற்கோள் காட்டும் கட்டுரை முக்கியமானது. முக்கியமான கட்டுரை ஒன்று மேற்கோள் காட்டினால் அதற்கு மதிப்பு இன்னும் கூடுதல். அதுபோல, ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புத் தருவதை ஒரு பரிந்துரையாக அவர்கள் கணக்கில் கொண்டனர். இன்று தேடல் வரிசையை முடிவு செய்யும் காரணிகள் பல. எனினும் இணைப்பு அவற்றுள் ஒன்றாகவே தொடர்கிறது.

இதை மாணவர்களுக்கு விளக்கக் கணினி தேவையில்லை. புளியங்கொட்டை போதும்.

வகுப்பறைச் செயல்பாடு: புளியங்கொட்டைப் பரிந்துரை

வகுப்பு: 7 அல்லது 8. தேவையானவை: 48 புளியங்கொட்டைகள், சுண்ணக்கட்டி.

நான்கு மாணவர்களை நான்கு வலைப்பக்கங்களாக நிறுத்துங்கள். அவர்களுக்கு அ, ஆ, இ, ஈ எனப் பெயர் வையுங்கள். ஒவ்வொருவரிடமும் 12 கொட்டைகள் கொடுங்கள். யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்பதைத் தரையில் அம்புக்குறிகளாக வரையுங்கள்.

அ சுட்டுவது: ஆ, இ
ஆ சுட்டுவது: இ
இ சுட்டுவது: அ
ஈ சுட்டுவது: இ

ஆசிரியர் கைதட்டியதும் நால்வரும் ஒரே நேரத்தில், தம்மிடம் உள்ள கொட்டைகள் அனைத்தையும் தாம் சுட்டுபவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

தொடக்கம்: அ 12, ஆ 12, இ 12, ஈ 12
சுற்று 1: அ 12, ஆ 6, இ 30, ஈ 0
சுற்று 2: அ 30, ஆ 6, இ 12, ஈ 0
சுற்று 3: அ 12, ஆ 15, இ 21, ஈ 0
சுற்று 4: அ 21, ஆ 6, இ 21, ஈ 0

ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுத்தொகை 48 வருகிறதா என்று மாணவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் சுற்றில் அரைக்கொட்டை தேவைப்படும். அங்கே கொட்டைகளை வைத்துவிட்டுத் தாளில் கணக்கைத் தொடரலாம். பல சுற்றுகளுக்குப் பின் அ-வும் இ-யும் 19.2 என்ற அளவையும், ஆ 9.6 என்ற அளவையும் நெருங்கும்.

பிறகு மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

1. இ-யை மூவர் சுட்டுகிறார்கள். அ-வைச் சுட்டுபவர் ஒருவரே. இருந்தும் இருவரும் ஏன் சமமாக வந்தார்கள்? அ-வைச் சுட்டும் அந்த ஒருவர் இ என்பதால். பலரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரின் பரிந்துரை, தனித்தனியான பல பரிந்துரைகளுக்கு ஈடாகிறது.

2. ஈ ஏன் வெறுங்கையோடு நிற்கிறார்? எங்கள் வகுப்பில் ஈ-யாக நின்ற மாணவி, "நான் குடுத்தேன், எனக்கு யாருமே தரலையே டீச்சர்" என்றாள். ஆசிரியர்களின் வலைப்பக்கங்கள் பலவற்றின் நிலையும் இதுதான். அவை பிறரைச் சுட்டுகின்றன. அவற்றைச் சுட்டுவார் இல்லை.

3. ஈ தானே இரண்டு புதிய பக்கங்களை உருவாக்கி, அவை தன்னைச் சுட்டும்படி செய்தால் என்ன ஆகும்? 12 கொட்டைகளோடு மேலும் இருவரை நிறுத்திச் செய்து பாருங்கள். முதல் சுற்றில் ஈ-க்கு 24 வரும். அடுத்த சுற்றில் மீண்டும் 0 ஆகிவிடும். அந்த இரு புதியவர்களைச் சுட்ட யாரும் இல்லையே!

உண்மையான பேஜ்ரேங்க் கணக்கில் எல்லாக் கொட்டைகளும் இணைப்புகள் வழியே செல்வதில்லை. வழக்கமாக 85 விழுக்காடு மட்டும் அப்படிச் செல்லும். மீதி 15 விழுக்காடு எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாகப் பகிரப்படும். அதனால் யாரும் முற்றிலும் வெறுங்கையோடு நிற்பதில்லை.

மொய் இணைப்புகளின் கதை

இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும், அதை விதைப்பது ஒரு தொழிலாகவே ஆனது. படித்தும் பாராமல், "அருமையான பதிவு, என் தளத்துக்கும் வாருங்கள்" என்று எங்கும் பின்னூட்டம் இடுவது அதன் எளிய வடிவம். தமிழ் வலைப்பதிவர்களும் இதை நன்கு அறிவார்கள். 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டின. அவற்றின் வழியே முகமறியாத வாசகர்கள் வந்தார்கள், விவாதித்தார்கள், ஒருவரையொருவர் சுட்டி எழுதினார்கள். கூடவே, நீ என் பதிவுக்கு வந்தாய், நான் உன் பதிவுக்கு வருகிறேன் என்ற மொய்க் கணக்கும் வளர்ந்தது. மொய் நோட்டைப் பார்த்து எழுதும் பின்னூட்டத்தில் கருத்து எங்கே இருக்கும்?

தேடுபொறிகள் வேலி போடத் தொடங்கின. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகியவை நோஃபாலோ என்ற குறிப்பை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. இந்தக் குறிப்புள்ள இணைப்பைப் பரிந்துரையாக எண்ண வேண்டாம் என்பது அதன் பொருள். 2007 ஜனவரியில் விக்கிப்பீடியா தன் வெளியிணைப்புகள் அனைத்துக்கும் இக்குறிப்பை இட்டது. 2012 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட பென்குயின் என்ற மாற்றம், செயற்கையாக இணைப்புகளைக் குவித்த தளங்களைத் தேடல் வரிசையில் கீழே இறக்கியது.

அப்படியானால் பொதுவெளிகளில் பங்கேற்பதால் நமக்கு என்ன பயன்? மூன்று பயன்கள் உண்டு. முதலாவது, விடையைப் படித்தவர் இணைப்பைச் சொடுக்கி நேரே வருவார். நோஃபாலோ அதைத் தடுப்பதில்லை. இரண்டாவது, அங்கே நம்மை அறிந்துகொண்ட ஒருவர் நாளை தம் தளத்தில் தாமாகவே நம்மைச் சுட்டுவார். நாம் கேட்காமல் வரும் அந்த இணைப்புதான் எடையுள்ளது. மூன்றாவது, பிறருக்கு எங்கே ஐயம் வருகிறது என்பது நமக்குத் தெரியும். அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

விடை முதலில், இணைப்பு பிறகு

கல்வி தொடர்பான பொதுவெளி ஒன்றில் ஒரு பெற்றோர் கேட்கிறார்: "என் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று போடுகிறாள். எப்படிப் புரியவைப்பது?"

முதல் விடை: "பின்னங்கள் பற்றி என் தளத்தில் விரிவாக எழுதியுள்ளேன். பார்க்கவும்." கீழே ஓர் இணைப்பு.

இரண்டாம் விடை: "அரை ரொட்டியுடன் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று முதலில் கேளுங்கள். 2/5 என்பது அரையைவிடச் சிறியது. அதனால் விடை தவறு என்பதை அவளே கண்டுபிடிப்பாள். பிறகு ஒரு தாளை ஆறு சம பாகங்களாக மடியுங்கள். பாதி என்பது 3 பாகம், மூன்றில் ஒன்று என்பது 2 பாகம். சேர்த்தால் 6-இல் 5. இதே முறையில் செய்ய 20 கணக்குகள் கொண்ட பயிற்சித்தாள் இங்கே உள்ளது. இது நான் தயாரித்தது." கீழே ஓர் இணைப்பு.

முதல் விடையைப் பொறுப்பாளர் நீக்கிவிடக்கூடும். இரண்டாவதில் இணைப்பை நீக்கினாலும் விடை நிற்கும், பெற்றோருக்குப் பயன்படும். இதையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம்: இணைப்பை எடுத்துவிட்டால் நாம் எழுதியதில் ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது பங்கேற்பு, மிஞ்சாவிட்டால் வெறும் விளம்பரம். "இது நான் தயாரித்தது" என்று வெளிப்படையாகச் சொல்வதும் முக்கியம்.

தமிழ் விக்கிப்பீடியாவும் பொதுவகமும்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஆசிரியர்களுக்கு ஏற்ற களம். ஆனால் கட்டுரைகளின் அடியில் நம் தளத்தின் இணைப்பைச் சேர்த்துக்கொண்டே போவதற்கான இடம் அன்று அது. இணைப்புகளின் கிடங்காக இருக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. சொந்தத் தளத்தைத் தானே சேர்ப்பதையும் அது ஊக்குவிப்பதில்லை. நம் பக்கம் உண்மையில் ஒரு கட்டுரைக்குச் சான்றாக உதவும் என்று தோன்றினால், அக்கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் தெரிவித்து, முடிவைப் பிறரிடம் விடலாம்.

அங்கே நாம் தரக்கூடியவை வேறு. பள்ளிக்கு அருகிலுள்ள நடுகல், ஏரி மதகு, ஊர்ச்சந்தை, நெல் வகை ஆகியவற்றை நாமே ஒளிப்படம் எடுத்து, விக்கிமீடியா பொதுவகத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பதிவேற்றலாம். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையுள்ள உரிமத்தைத் தேர்ந்தெடுத்தால், படத்தைப் பயன்படுத்தும் எவரும் நம் பெயரைச் சொல்ல வேண்டும். ஊரைப் பற்றிய கட்டுரையும் வளரும், எழுதியவரையும் நாலு பேர் அறிவார்கள்.

வருபவரை வரவேற்க

பங்கேற்கத் தொடங்கும் முன் நம் பக்கத்தைக் கொஞ்சம் சீர்செய்வோம்.

1. ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பது தேடுபொறிக்குத் தமிழாகத் தெரியாது.

2. "பாடம் 3" என்று தலைப்பிடாமல், "பின்னங்களைக் கூட்டுதல் – 6ஆம் வகுப்பு – பயிற்சித்தாள்" என்று தேடுபவரின் சொற்களில் தலைப்பிடுங்கள்.

3. பக்கத்தின் முகவரியை அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்றினால் பிறர் தந்த இணைப்புகள் அறுந்துபோகும்.

4. கூகுள் சர்ச் கன்சோல் என்ற கட்டணமற்ற கருவியில் தளத்தைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தளங்கள் நம்மைச் சுட்டுகின்றன, எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்பதை அதில் காணலாம்.

5. மாணவர் படம், பெயர், எமிஸ் எண், மதிப்பெண் ஆகியவற்றைப் பொதுவெளியில் இடாதீர்கள். பிறர் உருவாக்கிய பாடப்பொருளை அவர்கள் அனுமதியின்றி நம் தளத்தில் ஏற்றாதீர்கள். அவர்கள் பக்கத்துக்கு ஓர் இணைப்புத் தருவதே முறை.

இந்த ஐந்தாவது குறிப்பின் கடைசி வரியை எல்லோருமே இன்றே செயல்படுத்தலாம். நாம் பயன்படுத்திய, நமக்கு உதவிய சக ஆசிரியர் ஒருவரின் பக்கம் நிச்சயம் இருக்கும். அதைக் கோப்பாகத் தரவிறக்கிக் குழுவில் அனுப்புவதற்கு மாறாக, அது ஏன் நன்றாக உள்ளது என்று இரண்டு வரி எழுதி, நம் வலைப்பூவில் அவருக்கு ஓர் இணைப்புத் தருவோம். அடுத்து, பொதுவெளியில் விடையின்றிக் கிடக்கும் ஒரே ஒரு கேள்வியை வாரந்தோறும் எடுத்துக்கொண்டு, நம் மாணவருக்குச் சொல்வதுபோலவே முழுமையாக விடை எழுதுவோம். ஓர் ஆண்டில் ஐம்பது விடைகள் சேரும். எங்கோ ஒரு வீட்டில், ஆசிரியர் அருகில் இல்லாத மாலை நேரத்தில் படிக்கும் குழந்தைக்கு அவற்றில் ஒன்று தேவைப்படும்.